மூன்று தடவை சரிபார்த்த படம்

வீட்டில் அவனுக்குப் பூட்டு என்று பெயர். வெளியே கிளம்பினால் தெருமுனை வரை போய்விட்டு, கதவைப் பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான். ஒரு தடவை போதாது, மூன்று தடவை பார்த்தால்தான் கால் நகரும். பெயரை வைத்தவள் அக்கா. வாடகைக் கார் ஓட்டுகிறாள். உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க நேரமில்லாதவளுக்குப் பட்டப்பெயர் வைக்க மட்டும் எங்கிருந்தோ நேரம் கிடைத்துவிடும்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டே முக்கால். அக்காவின் காரிலிருந்து கழற்றிய புது மியூசிக் செட்டு அவன் மேஜைமேல் கிடந்தது. நாலு மணிக்கு அவள் வந்து, அதை விற்ற கடைக்காரரிடமே கொண்டுபோய், வேறு செட்டு வாங்கப் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அதைக் காரில் மாட்டியவன் அவன்தான். மாலை வகுப்பில் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. அக்கா அவனைக் காரில் கை வைக்க விட்டது அதுதான் முதல் தடவை. சாவியைத் திருப்பியதும் உள்ளே டப்பென்று ஒரு சத்தம், கருகல் வாடை, ஃபியூஸ் காலி. புது ஃபியூஸ் போட்டான். அதுவும் போயிற்று.

"ஓட்டை டப்பாவை நம்ம தலையில கட்டிட்டான் அந்த ஆளு. நாலு பேர் காதுல விழற மாதிரி கேட்டுட்டு வரேன்," என்றாள் அக்கா.

தான்தான் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று அப்போதே அவனுக்குச் சந்தேகம். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நிச்சயம் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். இன்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தது அந்த நிச்சயத்துக்காகத்தான். வந்தவன் நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். எழுந்து ஜன்னலோரம் போனான். தெருவில் ஹாரன் கேட்டபோதெல்லாம் அக்காவோ என்று எட்டிப் பார்த்தான்.

நோட்டில், வயர் மாட்டுவதற்காக அவன் வரைந்த படம் அழகாக இருந்தது. காரின் சாக்கெட்டில் நாலு துளை, இரண்டு வரிசை. மேல் வரிசை ஸ்பீக்கருக்கு. கீழ் வரிசையில் ஒன்று பேட்டரியின் பிளஸ், மற்றது மைனஸ். பக்கத்தில் பேனாவால் மூன்று டிக். மூன்று தடவை சரிபார்த்தாயிற்று என்று அர்த்தம்.

பக்கத்தைப் புரட்டினான். மை ஊறி, படம் பின்பக்கமும் மங்கலாகத் தெரிந்தது. பையிலிருந்த கைபேசியில் ஞாயிற்றுக்கிழமை எடுத்த சாக்கெட்டின் புகைப்படம் இருந்தது. அதை நோட்டின் பக்கத்தில் வைத்தான். பின்பக்கத்துப் படம்தான் அதோடு அச்சாகப் பொருந்தியது. முன்பக்கத்தில் வரைந்தது இடவலம் மாறியிருந்தது.

பகலில் அவனுக்கு ரப்பர் ஸ்டாம்பு செய்யும் கடையில் வேலை. எட்டு மணி நேரமும் கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றி எழுதுவதும், அதைப் படித்துப் பிழை திருத்துவதுமே தொழில். திரும்பியிருப்பது அவன் கண்ணுக்கு நேராகவே தெரியும். கை பழக்கத்தில் மாற்றி வரைந்திருக்கிறது, கண் பழக்கத்தில் மூன்று தடவையும் தலையாட்டியிருக்கிறது.

கடைக்காரர் மேல் துளிகூடத் தப்பில்லை.

செட்டின் மூடியில், திருகின் மேலே வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அது கிழிந்தால் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள். கிழிக்காவிட்டால், அக்கா சண்டை போட்டுப் புது செட்டோடு வருவாள், யாருக்கும் எதுவும் தெரியாது. அவன் அறைக்குள் நாலு நடை நடந்தான். பிறகு உட்கார்ந்து, யோசிக்க இடம் கொடுக்காமல், நகத்தால் ஸ்டிக்கரைக் கிழித்தான்.

மூடியைத் திறந்தால், மின்சாரம் நுழையும் இடத்திலேயே ஒரு டயோடு கரிக்கட்டையாக நின்றது. வயரை யாராவது மாற்றிக் கொடுத்தால், தான் செத்து மற்றதைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்தது. மீட்டரை வைத்தான். ஒரு பக்கம்தான் மின்சாரம் போகவேண்டிய டயோடில் இரண்டு பக்கமும் தடையில்லாமல் போயிற்று. ஃபியூஸ் போனதன் காரணம் அதுதான். ஈயத்தை உருக்கி அதைக் கழற்றினான். வகுப்புக்காக வாங்கி வைத்திருந்ததில் அதே அளவு டயோடு ஒன்று இருந்தது. அதற்கும் திசை உண்டு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். அவன் நோட்டைத் தொடவில்லை. போர்டில் அச்சிட்டிருந்த கோட்டின் மேலேயே டயோடின் கோட்டை வைத்துப் பார்த்தான். அப்புறமும் நம்பிக்கை வராமல் மீட்டரை வைத்தான்.

ஈயம் ஆறுவதற்குள் வாசலில் ஹாரன். மணி மூன்றரைதான்.

"பூட்டு, செட்டை எடு. வழியிலேயே கடைக்காரனை ஒரு பிடி பிடிச்சுட்டேன். மாத்தித் தரேன்னுட்டான்," என்று உள்ளே வந்த அக்கா, திறந்து கிடந்த செட்டைப் பார்த்து நின்றாள். "என்னடா இது, குடலை உருவிப் போட்டிருக்கே?"

"அக்கா, கடைக்காரர் மேல தப்பில்ல. நான்தான் பிளஸ்ஸையும் மைனஸையும் மாத்திக் கொடுத்துட்டேன்."

"மூணு தடவை பார்த்தேன்னியே?"

"பார்த்தேன். படமே தப்பு." நோட்டைப் புரட்டிக் காட்டினான். கைபேசிப் படத்தையும் நீட்டினான்.

அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "என் கார்லயே ஸ்டாம்பு அடிச்சுட்டியா? அந்த ஆளை ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்டா. கடையில ரெண்டு பேர் நின்னாங்க."

அவன் செட்டின் மூடியை எடுத்துத் திருகத் தொடங்கினான்.

"மாட்டு," என்றாள்.

காரில் சாக்கெட்டின் வயர்களை மாற்றிச் செருக அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. அக்கா ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டபடியே இருந்தாள். சாவியைத் திருப்பினாள். செட்டில் விளக்கு எரிந்தது. யாரோ ஒருத்தி வானிலை சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா உடனே அதை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தாள். வண்டி கடைப் பக்கம் திரும்பியது. இனி இந்தக் காரில் ஒரு திருகைக்கூடத் தொட விடமாட்டாள் என்று அவன் தீர்மானித்துக்கொண்டான்.

கடையில் அவன்தான் முதலில் சொன்னான். கருகிய டயோடைக் கல்லாமேஜையில் வைத்தான். கடைக்காரர் அதை விரலால் உருட்டிப் பார்த்தார். "நீயே மாத்திட்டியாப்பா? சரி. மத்தியானம் உங்கக்கா பேசினதுக்கு எந்த ஃபியூஸும் தாங்காது."

"காலையிலிருந்து சாப்பிடல. அதுவும் சேர்ந்து வந்துடுச்சு," என்றாள் அக்கா, அவன் பின்னால் நின்று. "நான் சொன்னது தப்புங்க. மனசுல வச்சுக்காதீங்க."

திரும்பும்போது அவளே செட்டைப் போட்டாள். சிக்னலில் நிற்கையில் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"பின்னாடி இடது விளக்கு ஒரு வாரமா எரியல. ஞாயித்துக்கிழமை பாரு."

"நானா?"

"பின்னே, கடைக்காரரையா கூப்பிடச் சொல்றே? அவர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

பச்சை விழுந்தது. இடது என்றால் உட்கார்ந்திருக்கும்போது இடதா, பின்னால் நின்று பார்க்கும்போது இடதா என்று கேட்க வாயெடுத்தான். ஸ்டியரிங்கில் அவள் போட்ட தாளத்தைப் பார்த்து, வீடு வந்ததும் கேட்கலாம் என்று வைத்துக்கொண்டான்.