சுத்தி அசையாத ரிவால்வர்

வயோமிங்கின் டன்னகன் ஊரில் தாடியஸ் பிங்கமை எல்லோரும் கர்னல் என்றுதான் அழைப்பார்கள். எந்தப் படையில் கர்னல் என்று கேட்டவர் கிடையாது. ஆண்டுதோறும் ஊர்வலத்தில் குதிரைமேல் முதல் ஆளாகப் போகிறவருக்கு ஏதோ ஒரு பட்டம் வேண்டாமா?

அந்த வியாழக்கிழமை, துப்பாக்கி பழுதுபார்க்கும் எல்மோ ராஸ்முசெனின் பட்டறைக்கு வந்தவர், வெல்வெட்டில் சுற்றிய ரிவால்வரைக் கைக்குழந்தைபோல மேசையில் கிடத்தினார்.

"தாத்தாவோடது. வங்கியக் கொள்ளையடிக்க வந்தவனைச் சாய்ச்சது."

"தெரியும் கர்னல். வருஷத்துக்கு ஒரு தடவை மைக்குல சொல்றீங்களே."

சனிக்கிழமை ஊர் அருங்காட்சியகத் திறப்பு. நண்பகலில் இதில் வெற்றுத் தோட்டா சுட்டுத்தான் கர்னல் கதவைத் திறப்பதாக ஏற்பாடு. ஆனால் தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தி அசையவில்லை. அதற்கு அச்சாக நிற்கும் ஸ்க்ரூ இறுகிப்போய், சுத்தியையும் கவ்விக்கொண்டிருந்தது.

"இந்த ஒண்ணை மட்டும் கழட்டு. வேற எதையும் தொடாதே. பாடியில ஒரு கீறல் விழுந்தாலும் சரித்திரம் உன்னை மன்னிக்காது."

"சரித்திரத்துக்கு என் கடை அட்ரஸ் தெரியாது."

எல்மோ எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்தார். இதற்குமுன் அந்த ரிவால்வரை அவர் கர்னல் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறார். கையில் எடுத்துப் பார்க்கப் பார்க்க மனதில் ஏதோ குறுகுறுத்தது. துருகூட வர்ணம் அடித்ததுபோல ஒரே சீராக இருந்தது. தொடாதே என்று சொன்ன மற்ற ஸ்க்ரூக்கள் ஒரே அச்சில் வார்த்தவைபோல மின்னின. இது மட்டும் கறுத்துத் தேய்ந்து, வழி தவறி வந்த விருந்தாளிபோல உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கர்னல் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்க்ரூவின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி தீட்டிய திருப்புளி முனையை எல்மோ டிரில்லிங் மெஷினில் மாட்டினார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முனை வழுக்காதபடி ஒரு கையால் கீழே அழுத்தி, மறு கையால் மெதுவாகத் திருகினார்.

டக்.

ஸ்க்ரூவின் தலை மட்டும் தனியாக வந்தது.

"கொன்னுட்டியே!" என்றார் கர்னல்.

"இன்னும் உயிர் இருக்கு."

மீதித் தண்டின் நடுவில் புள்ளி குத்தி, இடப்பக்கம் சுற்றித் துளைக்கும் பிட்டை மாட்டி, மெஷினையும் தலைகீழாகச் சுற்றவிட்டார். பிட் குடைந்துகொண்டே போனது. திடீரென்று கவ்விப் பிடித்தது. தண்டு தானாகவே சுழன்று மேலே ஏறி வந்தது. இதை ஆயிரம் முறை பார்த்திருந்தாலும் எல்மோவுக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

ஸ்க்ரூவின் மரை நசுங்கிக் கிடந்தது. ஏன் நசுங்கியது? மரை அளக்கும் த்ரெட் கேஜை எடுத்துத் துளைக்குள் விட்டுப் பார்த்தார். அங்குல அளவுகள் ஒன்றும் உட்காரவில்லை. மில்லிமீட்டர் அளவு கச்சிதமாக உட்கார்ந்தது.

"கர்னல், உங்க தாத்தா எந்த ஊர்க்காரர்?"

"மிசௌரி."

"அந்தக் காலத்து அமெரிக்கத் துப்பாக்கியில மில்லிமீட்டர் மரை கிடையாது. இது இத்தாலிக்காரன். சினிமாக்காரங்களுக்குச் செஞ்ச நகல். வயசு எட்டு, பத்து இருக்கலாம்."

கர்னலின் மீசை இறங்கியது. தொப்பியைக் கழற்றி விளிம்பை உருட்டினார்.

"நிஜத்தை எங்கப்பா ஒரு டிராக்டருக்கு மாத்திட்டாரு. அதுக்கு முன்னாடியே கழண்டு விழுந்த இந்த ஸ்க்ரூ மட்டும் புகையிலை டப்பாவில கிடந்துச்சு. இதை உள்ள போட்டுட்டா தாத்தாவோடதுன்னு சொல்றது முழுப் பொய் ஆகாது இல்லையா? கொஞ்சம் முரண்டு பிடிச்சுது. அழுத்தித் திருகிட்டேன்."

"ஒரு ஸ்க்ரூ அளவுக்கு உண்மை."

சொன்ன பிறகுதான் எல்மோவுக்கு உறைத்தது. அந்த ஒரே உண்மையில்தான் அவர் இப்போது ஓட்டை போட்டிருக்கிறார்.

"புது ஸ்க்ரூ கடைஞ்சு போட்டுடறேன். நல்லாச் சுடும். யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியுமே. ஒவ்வொரு ஊர்வலத்திலயும் என்னைப் பார்த்துச் சிரிப்பே."

"அது இப்பவும்தான் சிரிக்கிறேன்."

கர்னல் எழுந்தார். ஸ்க்ரூவின் இரண்டு துண்டுகளையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார்.

சனிக்கிழமை ரிவால்வர் குறையில்லாமல் வெடித்தது. கூட்டம் உள்ளே நுழைந்தது. நடுவிலிருந்த கண்ணாடிப் பெட்டியில் துப்பாக்கி இல்லை. வெல்வெட்டின்மேல் இரண்டு இரும்புத் துண்டுகள், மேலே ஒரு பூதக்கண்ணாடி. சீட்டில், 'என் தாத்தாவின் ரிவால்வரில் மிஞ்சியது' என்று கர்னலின் கையெழுத்து. ரிவால்வரைப் பிறகு கீழ்த்தட்டில், 'இத்தாலி' என்ற சீட்டுக்குப் பின்னால் வைத்தார்கள். அதை யாரும் சீண்டவில்லை. எல்லோரும் ஸ்க்ரூவைப் பார்க்கத்தான் முண்டினார்கள்.

"இந்த ஓட்டை? கொள்ளைக்காரன் சுட்ட குண்டா கர்னல்?" என்று ஓர் அம்மாள் ஆவலோடு கேட்டாள்.

கர்னலின் மார்பு பழக்கதோஷத்தில் விரிந்தது. வரிசையில் நின்ற எல்மோமேல் கண் பட்டது. மார்பு மறுபடி சுருங்கியது.

"இல்லம்மா. நேத்து எல்மோ போட்டது."

டன்னகனில் அவர் பேசியதிலேயே மிகச் சிறிய உரை அதுதான்.

எல்மோவின் முறை வந்தது. பூதக்கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். ஓட்டை நடுவில் இல்லை. ஒரு மயிரிழை இடப்பக்கமாக விலகியிருந்தது. பின்னால் ஊரே அதைப் பார்க்கக் காத்துக்கொண்டிருந்தது.