தட்டினால் விட வேண்டும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கதை எழுதத் தெரிந்தவர்கள் இதைக் கடைசிவரை மறைத்து வைப்பார்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அந்த ஏழெட்டு நொடிகளை நான் ஒரு தடவை பட்டது போதும், உங்களையும் எதற்குப் படுத்துவானேன்?

இது ஒரு வாட்ஸ்அப் குழுவில் பிறந்த கதை. காரைக்கால் தலத்தெருவில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு ஜூடோ வகுப்பு நடக்கிறது. அப்படியொரு ஞாயிறு சாயங்காலம் பெற்றோர் குழுவில் யாரோ கேட்டார்கள்: "காலைல என்னதான் நடந்துச்சு? பாத்தவங்க சொல்லுங்க." நான் பார்த்தவன். நாலு வரி பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதி எழுதி அழித்ததில் அது இந்தக் கதையாகிவிட்டது.

2

முதலில் போட்ட தொடக்கம்: "கருக்களாச்சேரிக் கடலில் அலைகள் அன்று…"

(வேண்டாம். கூடத்திலிருந்து கடல் தெரியாது. கை கழுவும் குழாய் வரிசைதான் தெரியும்.)

அடுத்தது: "பயிற்சியாளரின் கவனக்குறைவால் ஒரு சிறுமி…"

(குழுவில் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தது இதைத்தான். எழுத அவ்வளவு சுலபமாக வந்தது. அதனாலேயே பயந்து நிறுத்தினேன்.)

மூன்றாவது: சஃபியுல்லா என்று ஒருவர். ஷார்ஜாவில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வந்து, ஊரோடு செல்போன் கடை வைத்திருக்கிறார். மகள் அர்ஷியாவுக்குப் பத்து வயது. பெண் பிள்ளைக்கு மல்லுக்கட்டு எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "அவளுக்குப் புடிச்சிருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்தவர். நல்ல மனுஷர்தான்.

(இந்தக் கடைசி வாக்கியத்தை மூன்று தடவை அடித்து மூன்று தடவை திரும்ப எழுதினேன்.)

3

சொல்லிக்கொடுப்பவர் ராசாத்தி மாஸ்டர். பெண்தான், பிள்ளைகள் மாஸ்டர் என்றே கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். முதல் நாள் அவர் தூக்கிப் போடக் கற்றுக்கொடுக்கவில்லை. தட்டக் கற்றுக்கொடுத்தார். ஒருவர் இன்னொருவரை மல்லாத்தி, மேலே படுத்து அமுக்கிப் பிடிக்கும்போது, கீழே இருப்பவருக்கு முடியவில்லையென்றால் 'மேட்' என்கிற அந்தத் தடித்த விரிப்பில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டு கேட்ட அந்த நொடியே விட்டுவிட வேண்டும். பிறகு மாஸ்டர் நாற்காலிகள் பக்கம் திரும்பி எங்களுக்கும் ஒன்று சொன்னார்.

"இங்க சத்தம் போட ரெண்டு பேருக்குத்தான் உரிமை. ஒன்னு எனக்கு, ஒன்னு தட்டுற கைக்கு. நீங்கள்லாம் வாயத் தொறக்காம ஒக்காந்திருங்க."

நாங்கள் சிரித்தோம். இரண்டு வாரம்கூட வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.

அந்த ஞாயிறு அர்ஷியாவுக்கு ஜோடி சொர்ணா. கோட்டுச்சேரிமேட்டு அன்பழகனின் மகள், அதே வயது. முழுப்பெயர் சொர்ணாம்பாள், அப்படிக் கூப்பிட்டால் பதில் வராது. அர்ஷியா அவளை மல்லாத்தி நெஞ்சின் மேல் படுத்துவிட்டாள். மாஸ்டர் கூடத்தின் அந்தக் கோடியில் பொடிசுகளுக்கு பெல்ட் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அர்ஷியாவின் தடித்த சட்டை சொர்ணாவின் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டது. சொர்ணா தட்டினாள். திரும்பவும் தட்டினாள்.

அர்ஷியா விடவில்லை.

மாஸ்டர் ஓடிவந்து பிரித்தபோது சொர்ணாவின் கை துவண்டு கிடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று… பிறகு இருமினாள். கண்ணைத் திறந்து அவள் சொன்ன முதல் வார்த்தை: "மாஸ்டர், இவ மேல ஒரே மாங்கா ஊறுகா வாசம்."

அதைக் கேட்டதும் சஃபியுல்லா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ் என்று எத்தனை தடவை சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

4

அர்ஷியா ஏன் விடவில்லை? இந்த இடத்தில் கதை மக்கர் பண்ணியது.

"தட்டிய சத்தம் மின்விசிறி இரைச்சலில்…" என்று எழுதினேன். பொய். "சஃபியுல்லா அப்போது செல்போனில்…" என்று எழுதினேன். பெரிய பொய். அவர் நாற்காலியை விட்டு எழுந்து, கழுத்து நரம்பு புடைக்க, "விடாத! விடாதம்மா! அப்புடியே புடி!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அர்ஷியா கேட்டாள்: "தட்டுனா விடணும்னு மாஸ்டர் சொல்லிருக்காங்க. விடாதன்னு நீங்க சொன்னீங்க. நான் யாரு சொல்றத கேக்குறது வாப்பா?"

சஃபியுல்லா என்பது என் பெயர். படர்க்கையில் எழுதினால் வெட்கம் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை. ஆனாலும் அவர் அவராகவே இருக்கட்டும். அவர் செய்யவேண்டிய வேலை ஒன்று மிச்சமிருக்கிறது.

5

குழுவில் ஒரு வாரம் முழுக்க மாஸ்டரின் தலை உருண்டது. கவனிக்கவில்லை, பொறுப்பில்லை, வகுப்பையே மூடிவிடலாம். சஃபியுல்லா ஒன்றும் எழுதவில்லை. கட்டைவிரல் அடையாளம்கூடப் போடவில்லை என்பதைத் தனக்குள் ஒரு பெருமையாக வைத்துக்கொண்டார். மனுஷன் எவ்வளவு சிறுத்துப்போவான் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு பெற்றோர் எல்லோரும் கூடினார்கள். மாஸ்டர் மேட்டை விரிக்காமல் சுருட்டியபடியே சுவரோரம் வைத்திருந்தார்.

"கையத் தூக்குங்க," என்றார் ஒருவர். "வகுப்பு வேணாங்கிறவங்க."

கைகள் உயரத் தொடங்கின. சஃபியுல்லா எழுந்தார். "புள்ள தட்டுனது மாஸ்டருக்குக் கேக்கலைன்னா, அது நான் கத்துனதுனாலதான். எம் மவ விடாததும் என்னாலதான். அவங்க மேல தப்பில்லைங்க."

இரண்டு வரிசை பின்னால் அன்பழகன் எழுந்தார். சட்டையைப் பிடிக்கப்போகிறார் என்றுதான் சஃபியுல்லா நினைத்தார்.

"நானுந்தாங்க கத்துனேன்," என்றார் அன்பழகன். "தட்டாத, எந்திரிச்சுரு, எந்திரிச்சுருன்னு. எம் புள்ள அதுக்காவயே மூச்சு முட்டுற வரைக்கும் தட்டாம இருந்துட்டு, அப்புறந்தான் தட்டிருக்கா. ராத்திரில எனக்குத் தூக்கமே இல்ல."

சஃபியுல்லாவின் மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. தூக்கிய கைகளும் ஒவ்வொன்றாக இறங்கின. மாஸ்டர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"வகுப்பு நடக்கணும்னா மொதல்ல நீங்க ரெண்டு பேரும் மேட்டுக்கு வாங்க," என்றார்.

6

ஆக முடிவு. மூன்று யோசித்து வைத்திருந்தேன், மூன்றையும் வேண்டாம் என்றுவிட்டேன். ஏனென்றால் நான் இப்போது மல்லாந்து கிடக்கிறேன். நெஞ்சின் மேல் சொர்ணா, இருபத்தெட்டு கிலோ. இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அவள் சட்டை என் மூக்கை மூடுகிறது. பக்கத்து மேட்டில் அன்பழகன் மேல் என் மகள்.

மாஸ்டர் பேசவில்லை. நான் தட்டுகிறேன். ஒன்று.

(எழுந்து நிற்காதீர்கள். உங்களுக்கு என் மேல் கோபம் இருக்கலாம், 'விடாத சொர்ணா' என்று நாக்கு நுனிவரை வந்திருக்கலாம். இப்போது அந்த நாற்காலியில் இருப்பது நீங்கள்.)

இரண்டு.