ஒரு கால் தள்ளி

சால்டரிங் அயர்னின் முனை போர்டின் மேல் இருந்தது. இடது கையிலிருந்த சாமணம் அந்த மெல்லிய பட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தது. இன்னும் மூன்றே கால்கள். ஈயம் உருகிவிட்டது என்று நினைத்து மெக்கானிக் ஊசி அதை இழுத்தான்.

உருகவில்லை.

நகம் கடிப்பது போல ஒரு சின்னச் சத்தம். பட்டையோடு சேர்ந்து போர்டின் செப்புக் கோடுகள் மூன்று, காயாத புண்ணின் பொருக்கு மாதிரி உரிந்து வந்தன.

"தொலைஞ்சோம்" என்றான் ஊசி, ஆளில்லாத கடையில். மணி இரண்டு பத்து.

கண்ணுக்குத் தெரியாத ஒயரைக்கூடப் பற்றவைப்பான் என்பதால் தெரு வைத்த பெயர் ஊசி. இன்றைக்கு அந்தப் பெயரைக் கழற்றி மேசைக்கு அடியில் ஒளித்துவைக்கலாம் போலிருந்தது.

மேசையில் கிடந்தது இருபத்தைந்து வருஷப் பழைய கேம் பெட்டி. சிவப்பு, மஞ்சள், வெள்ளை ஒயர் செருகுகிற காலத்து ஆசாமி. புது டிவிகளில் அந்தத் துளைகளே கிடையாது. அதற்காக வந்திருப்பதுதான் இந்தக் குட்டி போர்டு. அதன் பட்டையைப் பெட்டிக்குள் இருக்கும் ஐ.சி. சில்லின் கால்கள் மேல் படியவைத்துப் பற்றவைத்தால், படம் புது டிவிக்குக் கண்ணாடி போலப் போகும். வரிசையாக இருக்கும் அந்தக் கால்கள், சீப்பின் பற்களை நூறில் ஒன்றாகச் சுருக்கிய மாதிரி இருக்கும். முதல் கால் சரியாக உட்கார்ந்தால் எல்லாம் சரி.

ஊசி ஒரு கால் தள்ளி உட்காரவைத்துவிட்டான். காரணம், மனைவியின் போன்.

"சாப்பாட்டு டப்பா இங்கயே இருக்கு. இன்னிக்கு என்ன, விரதமா?"

"வேலையா இருக்கேன்மா."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. நேத்து டப்பாவாவது கூட வந்துச்சு."

போனைத் தோளில் இடுக்கிச் சிரித்துக்கொண்டே பற்றவைத்ததில் வந்த வினை. கடைசிக் கால் வெளியே துருத்திக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது. நிதானமாக, ஈயத்தை இளக்கும் பசையைத் தடவி, ஒவ்வொன்றாக எடுத்திருக்க வேண்டும். சூட்டைக் கூட்டினான். இழுத்தான். பட்டை பிழைத்தது. பெட்டியின் போர்டு போனது.

போன வாரம் டீச்சர் இதைத் துண்டில் சுற்றிக் குழந்தையைப் போலக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர். சிரிப்பதற்கும் மார்க் குறைப்பவர்.

"என் தம்பியோடதுப்பா. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வர்றான். வந்ததும் இதைத்தான் கேப்பான். உள்ள இருக்கறது எதுவும் மாறக் கூடாது. அவன் கண்டுபிடிச்சிடுவான்."

எட்டு மாதமாகத் தெருவே அந்தத் தம்பியைப் பற்றிக் கிசுகிசுத்தது. பிழைத்தது பெரிய விஷயம் என்றார்கள். "கவலைய விடுங்க டீச்சர்" என்று ஊசி பெரிய மனுஷன் மாதிரி சொல்லியிருந்தான். பெட்டியின் அடியில் எதையோ உரித்த பசை சதுரமாக ஒட்டியிருந்ததைக்கூட ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவைத்தான், இலவசமாக.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாலரைக்கு டீச்சர் வருவார். உரிந்த கோடுகளுக்குப் பதிலாக ஒயர் இழுத்துச் சரிசெய்ய ஒரு நாளாவது ஆகும்.

ஊசி பின்னறை அலமாரியைத் திறந்தான். அங்கே அதே மாடல் இன்னொன்று இருந்தது. அவனுடையது. கல்யாணமான முதல் வருஷம் மனைவி எங்கெங்கோ தேடிக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில்தான் அவனை அவள் தோற்கடிப்பாள். தூசி தட்டக் கடைக்குக் கொண்டுவந்திருந்தான்.

பத்து நிமிஷம் இரண்டு பெட்டிகளையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பிறகு திருகாணிகளைக் கழற்றினான். தன் பெட்டியின் போர்டை எடுத்து டீச்சரின் பெட்டிக்குள் வைத்தான். இந்தத் தடவை போனை அணைத்துவிட்டு, முதல் காலை லென்ஸில் மூன்று முறை பார்த்தான். நாலு இருபதுக்குக் கடை டிவியில் படம் வந்தது. விளையாட்டில் வரும் சுவரின் ஒவ்வொரு செங்கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. இவ்வளவு அழகான வேலையை அவன் செய்ததே இல்லை. கெட்டுப்போன போர்டை மேசைக்கு அடியில் தள்ளினான்.

டாக்சியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே வந்தார். படத்தை உற்றுப் பார்த்தார்.

"முன்ன மாதிரியே இல்லல்ல?"

"இருக்காது டீச்சர். பழசு மங்கலா இருக்கும். இது பளிச்சுனு."

"அப்ப, ஏதாவது வித்தியாசமா இருக்கேன்னு கேட்டா, புது போர்டு போட்டதாலன்னு சொல்லிடலாம்."

ஊசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துவிட்டதா? டீச்சர் பெட்டியைத் துண்டில் சுற்றி முடிச்சுப் போட்டார். நோயாளி ஒருத்தன் ஆசையோடு காத்திருக்கும் பொருள். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

"டீச்சர், இது உங்க போர்டு இல்ல. அதை நான் கெடுத்துட்டேன். என் சொந்தப் பெட்டியோடதைக் கழட்டி வெச்சேன். மன்னிச்சிடுங்க. வீட்டம்மாகிட்டகூட இன்னும் சொல்லல."

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டவில்லை.

"பார்த்தா தெரியுமா?"

"சத்தியமா தெரியாது."

"நீ கெடுத்தது என் தம்பியோடது இல்லப்பா."

"புரியல டீச்சர்."

"இந்தப் பெட்டிய போன மாசம் ஒரு பழைய சாமான் கடையில வாங்கினேன். விலை ஸ்டிக்கரை உரிச்சேன், பசை போகல. படம் மாறிட்டா பெட்டி மாறினது அவனுக்குத் தெரியாதுன்னுதான் உன்கிட்ட கொண்டுவந்தேன்."

"அப்ப அவரோடது?"

"கட்டிலைத் திரும்ப வாங்கிட்டேன். சட்டையெல்லாம்கூட கிடைச்சிடுச்சு. அவன் கேம் பெட்டி மட்டும் அதுக்குள்ள யார் கைக்கோ போயிடுச்சு."

கட்டில், சட்டை. ஊசிக்கு மெல்லத்தான் உறைத்தது. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டான்.

"அதையெல்லாம் எப்ப குடுத்தீங்க?"

வெளியே டாக்சிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். டீச்சர் துண்டின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்கன்னு டாக்டர் சொன்னார். மறுநாள் காலையில அவன் ரூமைக் காலி பண்ணேன். அதைப் பார்த்துக்கிட்டு என்னால இருக்க முடியாதுன்னு. பழைய சாமான்காரர் ரெண்டு நடை வந்தார். ரெண்டாவது நடை வண்டி தெருமுனை திரும்பறப்ப ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். தம்பி கண்ணைத் திறந்து, தண்ணி கேட்டானாம்."