குகைக்குள் வந்த மிளகாய்

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. நான் எழுத உட்கார்ந்தது பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு சின்ன உலக வரலாறு: ஆதிமனிதன் தொடங்கிக் கடலோடிகள் வரை. மாத்தளை டவுனில், கோயில் மணி கேட்கும் தூரத்தில், ஒரு வாடகை அறைக்குள் இருந்துகொண்டு உலகம் முழுவதற்கும் வரலாறு எழுதுவதென்றால் கொஞ்சம் திமிர் வேண்டும். அது என்னிடம் தாராளமாக உண்டு.

முதல் தொடக்கம்: "பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மனிதன் நிமிர்ந்து..." (விட்டுவிட்டேன். எந்த மனிதன்? காலையில் அவன் என்ன சாப்பிட்டான்?)

இரண்டாம் தொடக்கம்: "ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே ஒரு குகை. வெளியே மழை. உள்ளே நெருப்பு. ஒரு தாயின் மடியில் காய்ச்சலில் கொதிக்கும் பெண் குழந்தை."

இது எனக்குப் பிடித்தது.

2

ஆனால் அந்தத் தாய் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாளே. அதனால் இப்படி எழுதினேன்: "அவள் காய்ந்த மிளகாயும் உப்பும் கைநிறைய அள்ளி, குழந்தையின் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டாள்."

(சுற்றிப் போடுவதை அறியாதவர்களுக்கு: மிளகாய் எரியும்போது நெடி ஏறி எல்லாரும் இருமினால் கண்ணூறு இல்லை. நெடியே வராவிட்டால் கண்ணூறு இருந்தது, அது எரிந்து போய்விட்டது. எங்கள் வீடுகளில் டாக்டரிடம் போவதற்கு முன்னும் இது நடக்கும், போய் வந்த பின்னும் நடக்கும்.)

அக்கா மகள் தனுஷா இதைப் படித்தாள். ரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறாள். மூன்று வயது மகள் ஹம்சிகா அவள் தோளில் ஏறிக் கூந்தலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, குகைக்குள்ள மொளகாயா?"

"ஏன், அவங்களுக்குக் கண்ணு படாதா?"

"நல்லா படும். ஆனா மொளகா அமெரிக்காப் பக்கத்துச் சாமான். போர்த்துக்கீசக்காரன் கப்பல் வந்ததுக்கு அப்புறந்தான் இங்க. அது உங்க கடைசி அத்தியாயம். எங்க பிள்ளைங்க இதப் பரீட்சையில எழுதி வச்சா நான் எங்க போய் முட்டிக்கிறது? வெட்டுங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மிளகாய் இல்லாத ஒரு சமையலறை உலகில் இருந்திருக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

3

மிளகைப் போட்டுப் பார்த்தேன். சரிவரவில்லை. (ஒரு சின்ன விஷயம்: மிளகைத் தேடி மேற்கே போன கப்பல்கள்தான் மிளகாயைக் கண்டன. தேடிப்போனது ஒன்று, கிடைத்தது ஒன்று. என் எழுத்தும் அப்படித்தான் நடக்கிறது.)

பிறகு வேறொரு யோசனை வந்தது. கப்பல் வரும்வரை குழந்தை பொறுத்திருக்கட்டும்.

"பொறு மகளே. யாரோ ஓர் ஆற்றங்கரையில் கோதுமை விதைக்கிறார்கள். பொறு. களிமண்ணில் எழுதப் பழகுகிறார்கள். எகிப்தில் கல்லின் மேல் கல் ஏறுகிறது. இரும்பு வந்துவிட்டது. கலேவெலப் பக்கம் குளம் வெட்டி நெல் போடுகிறார்கள். ரோமாபுரி எழுந்து விழுந்துவிட்டது. சீனத்தில் காகிதத்தில் அச்சடிக்கிறார்கள். எங்கோ பாய்மரம் தைக்கிறார்கள். இன்னும் கொஞ்சந்தான், தூங்கிவிடாதே, இன்னும்..."

(இங்கே நிறுத்தினேன். இத்தனை ஆயிரம் ஆண்டு எந்தக் காய்ச்சல் காத்திருக்கும்?)

மறுநாள் மிளகாயை வெட்டிவிடுவது என்று முடிவு செய்து படுத்தேன்.

4

மறுநாள் ஹம்சிகாவுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் மாலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு. பிளேட்லட் இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். வார்ட்டில் தாய் மட்டும்தான் கூட இருக்கலாம். நான் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பினேன்.

இன்று காலையில் தனுஷா போன் எடுத்தாள்.

"மாமா, அந்த மொளகாய வெட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. இனித்தான்."

"வெட்டாதீங்க."

"காலம் தப்பும்மா. நீதானே சொன்ன?"

"நான்தான் சொன்னேன். இப்பவும் தப்புதான்." மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. "இங்க மருந்தெல்லாம் நல்லா பாக்குறாங்க. சேலைனும் ஏறுது. எனக்குத்தான் செய்ய ஒண்ணும் இல்ல மாமா. வார்ட்டுல நெருப்புக் கொளுத்த ஏலாது, நர்ஸ் மிஸ்மாரு ஏசுவாங்க. உங்க குகையில நெருப்பு இருக்குதானே?"

"இருக்கு."

"அங்க சுத்திப் போடுங்க. பாப்பாவ நெனச்சுப் போடுங்க."

5

சுற்றிப் போட்டுவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் திருத்தலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளவில்லை. மிளகாய் அங்கேயே இருக்கும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளே, கவனியுங்கள்: குகைக் காலத்தில் இந்தத் தீவில் மிளகாய் கிடையாது. இந்த ஒரு குகையில் மட்டும் உண்டு.

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். (அ) "விடியும்போது குழந்தையின் உடம்பு குளிர்ந்..." அடித்துவிட்டேன். ரிப்போர்ட் வருவதற்கு முன் இதை எழுதினால் நானே கண் வைத்தது போலாகிவிடும். (ஆ) இதை நான் எழுதப்போவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

போன் மேசைமேல் கிடக்கிறது, இன்னும் அடிக்கவில்லை. குகைக்கு வெளியே மழை விடவில்லை. அந்தத் தாய் கையைத் தட்டிவிட்டு நெருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மிளகாய் நன்றாகக் கருகிவிட்டது. நான் பக்கத்திலேயே இருப்பதால் என் மூக்கை நம்ப முடியாது. எட்ட இருந்து வாசிக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும், தனுஷாவிடம் அப்படியே சொல்லிவிடுகிறேன். இருமல் வருகிறதா? கண் எரிகிறதா?

நெடி ஒன்றும் இல்லைதானே?