ஆஷீல் வீட்டுப் பலகை

வெல்லெபெக் ஊரில் பந்தயப்புறா வளர்க்கும் வீடுகளில், செப்டம்பரில் ஆண்புறாக்களுக்கும் பெட்டைகளுக்கும் நடுவே பலகை அடித்த நிமிடத்திலிருந்து, புருஷன் கண்ணுக்குப் பெண்டாட்டி தெரிவதில்லை. அவள் பேசுவதும் கேட்பதில்லை. திரும்ப ஜோடி சேர்க்கும் நாளில் பலகையை உருவும்போதுதான் தெரிவாள். ரொட்டிக்கடைக்காரர் வீட்டிலோ தபால்காரர் வீட்டிலோ இந்தத் தொந்தரவு இல்லை, அவர்களுக்குப் புறா இல்லை. குளிர்காலத்தில் சோளம் விலை ஏறுவதுபோல இதுவும் நடக்கும், யாரும் பெரிதுபடுத்தமாட்டார்கள். மேசைக்கு சூப் வந்துகொண்டிருந்தது, சட்டைகள் வெளுத்துக்கொண்டிருந்தன, கூட்டுக்கடியில் எச்சம் சுரண்டப்பட்டுக்கொண்டிருந்தது. இதையெல்லாம் செய்வது யார் என்று ஒரு ஆம்பிளையாவது யோசித்ததாக ஊரில் தகவல் இல்லை. பெண்களுக்கு மட்டும் புருஷன்மார் நன்றாகவே தெரிந்தார்கள், அவர்கள் பேச்சும் நன்றாகவே கேட்டது. கொடுமை அந்தப் பக்கம்தான்.

ஊர் இதற்கு ஏற்றபடி தன்னைச் சரிசெய்துகொண்டிருந்தது. பலகை நிற்கிற மாதங்களில் அந்த வீட்டுப் பெண்களை விதவைகளாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். கோயிலில் விதவைகளின் பெஞ்சில் அவர்களுக்கு இடம். பஞ்சாயத்து விதவைகளுக்குத் தரும் நிலக்கரியில் அவர்களுக்கும் அரை மூட்டை. பாதிரியார் ஆட்சேபிக்கவில்லை. ஈஸ்டருக்குள் புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் போதும் என்றார்.

ஆஷீலின் பெண்டாட்டி லியோன்டின் மற்ற வருஷங்களில் இதை நிம்மதி என்றே எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் அப்படி முடியவில்லை. கோர்த்ரெய்க் நகரத்தில் ஒரு தையல் தொழிற்சாலை, துணி வெட்டும் மேசையில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. புத்தாண்டு முடிந்ததும் சேரவேண்டும். வாராவாரம் சம்பளம் அவள் கையிலேயே கிடைக்கும். ஆனால் அந்தக் காலத்தில் கல்யாணமான பெண் வேலைக்குப் போக, புருஷன் நேரில் வந்து சரி என்று சொல்லவேண்டும். ஆஷீல் குதிரை வாங்கப் பெண்டாட்டியின் சம்மதம் தேவையில்லை, பெண்டாட்டி சம்பாதிக்க ஆஷீலின் சம்மதம் தேவை.

வழக்கமாக நவம்பர் கடைசியில், புனித கத்ரீனா நாளில் ஜோடி சேர்ப்பார்கள். அப்போதுதான் புத்தாண்டையொட்டிக் குஞ்சு பொரியும், கால் சின்னதாக இருக்கும்போதே புது வருஷம் பொறித்த வளையத்தை மாட்டலாம். கத்ரீனா நாளுக்குப் பிறகு சம்மதம் வாங்கிக்கொள்ள நேரம் இருக்கிறது என்று லியோன்டின் காத்திருந்தாள். பெட்டைகளுக்கு வசந்தம் வந்துவிட்டதென்று தோன்ற, கூட்டில் அதிக நேரம் விளக்கெரியவிடுவது அவர்கள் வழக்கம். ஆஷீல் சமையலறை பல்பைக் கழற்றிக்கொண்டுபோய்க் கூட்டில் மாட்டியபோதுகூட, அவள் இருட்டில் உருளைக்கிழங்கு உரித்தபடி சந்தோஷப்பட்டாள்.

பிறகு நெல்லெயின் மதுக்கடையில் புறாச் சங்கம் கூடியது. தலைவர் ஒமேர் எழுந்து, இந்த வருஷம் நிலாவின் போக்கு சரியில்லை, கிழக்குக் காற்று எலும்பில் இறங்குகிறது, சீக்கிரம் பிறக்கும் குஞ்சுகள் நோஞ்சானாகப் போகும் என்றெல்லாம் பேசினார். காதலர் தினத்தன்றுதான் ஜோடி சேர்க்கவேண்டும், பிப்ரவரி பதினாலு, அதற்கு முன்னால் யாரும் பலகையைத் தொடக்கூடாது என்று முடித்தார். உண்மை என்னவென்றால் ஒமேரின் ஆண்புறாக்களுக்கு இன்னும் இறகு உதிர்ந்து முடியவில்லை. பாதி உரித்த கோழிபோல நின்றுகொண்டிருந்தன. தன்னுடையது தயாராகாதவரை ஊரில் எவனுடையதும் தயாராகக்கூடாது. மேசையைச் சுற்றியிருந்த ஆம்பிளைகள் நிலாவைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொல்லி, இன்னொரு சுற்று பீர் குடித்து, கையைத் தூக்கினார்கள்.

லியோன்டின் ஆஷீலின் காதுக்குள் கத்திப்பார்த்தாள். அவன் ஈயை விரட்டினான். மேசையில் சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதினாள். அதன்மேல் பீர்க் கோப்பையை வைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சவரம் செய்துகொண்டிருக்கும்போது மாடியிலிருந்த புறாக்கூட்டுக்கு ஏறிப் பலகையை ஒரே இழுப்பில் உருவினாள். கீழே இறங்கி வந்ததும், சோப்பு நுரையோடு திரும்பியவன் கண்ணில் பட்டாள்.

"பலகைய யாருடி எடுத்தது?" இரண்டு மாதம் கழித்து அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"நான்தான். கோர்த்ரெய்க்ல வேலை இருக்கு, நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா போதும்..."

"ஒமேர் குறிச்ச நாள் இன்னும் வரலயே! உனக்கு ஏதாவது அறிவிருக்கா? வேலயப் பத்தி பிப்ரவரில பேசிக்கலாம்." நுரையோடே மாடிக்கு ஏறினான். அவள் பின்னாலேயே போய், சம்பளம் எவ்வளவு, ட்ராம் எத்தனை மணிக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் ஆணி அடித்துக்கொண்டே இருந்தான். கடைசி ஆணி இறங்கியபோது அவள் வாய் பாதி வாக்கியத்தில் இருந்தது. மீதி வாக்கியத்தைப் பெட்டைகள் கேட்டன.

அடுத்த ஞாயிறு விதவைகளின் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாட்டை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி இருந்தாள். மறுநாள் தலையில் துணி கட்டிக்கொண்டு கோர்த்ரெய்க் ட்ராம் ஏறினாள்.

தொழிற்சாலை மேற்பார்வைக்காரி புறாக்கார ஊரில் பிறந்தவள். "புருஷன் எங்கம்மா?" என்றாள்.

"புறா வளக்குறாரு."

"பலகை அடிச்சாச்சா?"

"செப்டம்பர்லயே."

"அப்பறம் என்ன, நீ விதவைதானே. விதவைக்கு யாரு சம்மதம் தரணும்? புத்தாண்டு முடிஞ்சதும் வந்துரு. ஆனா பலகைய எடுத்துட்டா நீ பொண்டாட்டி ஆயிருவ, ஞாபகம் வச்சுக்க. அன்னைக்கு அந்த ஆளு வந்து நிக்கணும். இல்லன்னா மேசைக்கு வேற ஆளப் போட்டுருவேன்."

ஜனவரியில் லியோன்டின் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளத்தில் சமையலறைக்கு ஒரு பல்பு வாங்கினாள். கத்ரீனா நாள் தள்ளிப்போனதற்காக அழுதவள், இப்போது பிப்ரவரி வரவே கூடாதென்று வேண்டிக்கொண்டாள். ஒமேரின் புறாக்களுக்கோ இறகு பளபளவென்று முளைத்துவிட்டது.

பதிமூன்றாம் தேதி மத்தியானம், ஆம்பிளைகள் நெல்லெ கடையில் எந்த ஆணுக்கு எந்தப் பெட்டை என்று தொண்டை வறளப் பேசிக்கொண்டிருக்கும்போது, அவள் பலகைத் தடுப்பிலிருந்து ஒரே ஒரு கட்டையைப் பெயர்த்தாள். அந்த இடத்தில் ஆப்பிள் பெட்டியின் மரத்தை வைத்து அடித்தாள். பெயர்த்ததைக் கீழே கொண்டுவந்து, படுக்கையறையில் இரண்டு கட்டிலுக்கும் நடுவே நிற்கவைத்துத் தரையோடு சேர்த்து ஆணி அடித்தாள். சாயங்காலம் ஆஷீல் அதைப் பார்த்தான், எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை. தொப்பி மாட்ட வசதியாக இருக்கிறதென்று இன்னொரு ஆணியையும் அவனே அடித்தான்.

மறுநாள் ஊர் முழுக்கப் பலகைகள் உருவப்பட்டன. வீட்டுக்கு வீடு சூப் சட்டியோடு பெண்டாட்டிமார் தெரிய ஆரம்பித்தார்கள். ஆம்பிளைகள் "ஓ, நீயா" என்றார்கள். ஆஷீலும் உருவினான். புறாக்கள் கழுத்தை உப்பிக்கொண்டு ஒன்றையொன்று சுற்றின. அவன் தலையை வாரிக்கொண்டு கீழே இறங்கினான். சூப் இருந்தது, ஆவி பறந்தது. லியோன்டின் மட்டும் தெரியவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் நெல்லெ கடைக்கு ஓடினான். "தலைவரே, புறாவெல்லாம் ஜோடி சேந்துருச்சு. என் பொண்டாட்டி மட்டும் வரல."

"ஈரக்காத்துடா," என்றார் ஒமேர். "ஈஸ்டர் வரைக்கும் பாரு."

"ஏன்யா, அவ தெனமும் காலைல ட்ராம் ஏறுறா, ஊரே பாக்குது," என்றாள் நெல்லெ, கோப்பையைத் துடைத்துக்கொண்டே. "நேத்துகூட எங்கிட்ட காப்பி வாங்கிக் குடிச்சா."

"நீ சும்மா இரு நெல்லெ. இது நாள் குறிக்கிற விஷயம், பொம்பளைக்குப் புரியாது."

லியோன்டினை எந்த நாளில் சேர்ப்பது என்பது சங்கக் கூட்டத்தில் ஒரு விஷயமாகிவிட்டது. ஈஸ்டர் என்றார்கள், பௌர்ணமி என்றார்கள், கோடை முடியட்டும் என்றார்கள். பாதிரியார் மட்டும் ஈஸ்டரன்று ஒருமுறை விதவைகளின் பெஞ்சைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்தார். சில வருஷங்களில் சட்டம் மாறியது, புருஷன் சம்மதம் தேவையில்லை என்று ஆனது. லியோன்டின் அந்தக் கட்டையைக் கழற்றவில்லை. வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டினாள்.

ஆஷீலிடம்தான் ஒரு மாற்றம். முன்பெல்லாம் நெல்லெ நாற்காலிகளைக் கவிழ்க்கும்வரை எழுந்திருக்கமாட்டான். இப்போது ஒரே ஒரு பீரோடு எழுந்து, யாரிடமும் நிற்காமல், வயல் வழியாக நேர்கோட்டில் வீட்டுக்குப் போகிறான். இன்றைக்காவது தெரிவாளா என்ற நப்பாசை. "பாத்தீங்களாடா," என்பார் ஒமேர் ஜன்னல் வழியாகக் காட்டி, "ஜோடியப் பிரிச்சு வச்சா ஆண்புறா மாதிரி எப்படி வீட்டுக்குப் பறக்குறான்!"

கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் லியோன்டின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைச் சத்தமாகச் சொல்லுவாள். நேற்றைவிட வேகம் என்றால், அவன் தட்டில் ஒரு உருளைக்கிழங்கு கூடுதலாக விழும்.