கழுத்தில் பூசிய அயடின்

1962 ஓகஸ்ட் 13, திங்கட்கிழமை காலை, பசறைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மருந்துக் கூடத்தில், கொழுந்து பறிக்கும் கருப்பம்மாவின் கழுத்தில் அயடின் பூசப்பட்டது.

அவளுடைய கழலையைப் பதுளையில் வெட்டியெடுத்து ஒரு வருடமாகியிருந்தது. அது புற்றுநோய். மிச்சம் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டதென்று எக்ஸ்ரே படத்தில் தெரிந்ததும் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே டொக்டர் பத்மநாதன் சொன்ன சிகிச்சை புதியது. கதிர்வீசும் அயடினை ஒரு மிடறு குடிக்க வேண்டும். கழலையின் உயிர்க்கலங்கள் உடம்பில் எங்கே போய் ஒட்டியிருந்தாலும் அதை உறிஞ்சும், உறிஞ்சியதாலேயே சாகும். முதலில் துளியளவு கொடுத்துக் கருவி வைத்துப் பார்ப்பார்கள். உறிஞ்சினால்தான் முழு மருந்து. அதற்கு உடம்பு அயடினுக்குப் பசித்திருக்க வேண்டும்.

"கடல்மீன், கருவாடு தொடாதையும். கழுத்திலை ஒரு மருந்தும் பூசக் கூடாது. அதுகளிலை உள்ள அயடினாலை உடம்பு நிரம்பினால் சோதனை பிழைச்சு, திருப்பியும் வரவேண்டி வரும்" என்றார் அவர்.

கருப்பம்மா அந்தப் பத்தியத்தை அப்படியே பிடித்தாள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில், அடுத்த அறையில், இருந்த இராக்கம்மாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"கருவாட்ட மோந்துகூடப் பாக்க மாட்டேங்கிறா. ஏன்டி, கொழும்புல பூணூல் போட்டு அனுப்புனாங்களா?"

"சிரிடி, சிரி. பொழச்சு வந்து ஒஞ் சட்டியவே வழிச்சுத் திங்கிறேன் பாரு."

கொழும்புக்கு மறுபடி போகத் தோட்டத்து மருந்தாளர் கனகசுந்தரம் துண்டு, அதாவது நோய் லீவுச் சீட்டு, தர வேண்டும். துண்டு இல்லாமல் வேலைக்கு வராமல் நின்றால் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பேர் வெட்டப்படும். பேர் போனால் லயத்துக் காம்பராவும் போகும். கனகசுந்தரம் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துக் கழலைகளுக்கெல்லாம் இருபது வருடமாக அயடின் பூசி வந்தவர்.

"கழுத்தைக் காட்டு."

"வேணாங்கய்யா. ஒண்ணும் பூசக் கூடாதுன்னு கொழும்பு டொக்டரய்யா சொன்னாருங்க."

"அவர் சொன்னவரோ? நான் இஞ்சை கழலை பாக்கத் துவங்கேக்கை அவர் பள்ளிக்கூடத்திலை இருந்திருப்பார். கொழுந்து கிள்ளுறவள் எனக்கு வைத்தியம் படிப்பிக்கிறாள். உனக்குத் துண்டு வேணுமோ, வேண்டாமோ?"

கருப்பம்மா முகவாயைத் தூக்கினாள். வெள்ளிக்கிழமை வரை தினமும் பூசிவிட்டுத்தான் அவர் துண்டைக் கொடுத்தார்.

அவள் சீயக்காய் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கறையைப் போக்கினாள். ரயிலில் புருஷன் தம்பையா சொன்னான்: "பூசுனதச் சொல்லிப்புடாத புள்ள. திருப்பி அனுப்பிருவாங்க. இன்னொருக்கா அந்த மனுசன் துண்டு குடுப்பாரா?"

"அப்ப மருந்து குடுப்பாங்கல்ல?"

"குடுக்காம? அதுக்குத்தான வரச் சொன்னாங்க."

ஆஸ்பத்திரியில் கழுத்தில் ஏதும் பூசினீரா என்று பத்மநாதன் கேட்டார். "இல்லீங்க" என்றாள். துளி மருந்தைக் குடித்தாள். மறுநாள் கழுத்திலும் நெஞ்சிலும் கதிரை அளக்கும் ஒரு குழாயை நீட்டிப் பார்த்தார்கள். அது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொடுக்கியது.

"எடுக்கேல்லை" என்றார் டொக்டர். "சில கட்டிகள் இப்பிடித்தான், அயடினை ஏற்காது. முழு மருந்து தந்தும் பிரயோசனம் இல்லை."

தம்பையா கையெடுத்துக் கும்பிட்டான். "பொய் சொல்லிட்டோம் சாமி. பூசுனாங்க. தோட்டத்து மருந்தய்யாதான் பூசுனாரு."

பத்மநாதன் தோட்டத்துக்கு டெலிபோன் எடுத்தார். கனகசுந்தரம் தயங்கவில்லை.

"இல்லை டொக்டர், நான் பூசேல்லை. உங்கடை கட்டளை எனக்குத் தெரியாதோ? இந்தச் சனம் இப்பிடித்தான். மருந்து இல்லையெண்டால் ஒரு கதை கட்டும்."

டொக்டர் ரிசீவரை வைத்தார். "நேற்று இல்லையெண்டனீங்கள். இண்டைக்கு ஓமெண்டுறியள். அவர் இல்லையெண்டுறார். நான் ஆரை நம்புறது?"

கருப்பம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "என்னைய நம்புங்கய்யா" என்றாள்.

அவர் சற்று யோசித்தார். "சரி. மூண்டு மாசத்தாலை வாரும். திருப்பிப் பாப்பம். அதுவரைக்கும் ஒண்டும் பூசாதையும்."

அவளுக்கென்று விமானத்தில் வந்திருந்த முழு மருந்தை அதுவரை வைத்திருந்தால் சக்தி இழந்துவிடும். அன்று மாலையே அதை அதே வார்ட்டில் இருந்த வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள்.

நவம்பரில் புருஷனும் பெண்சாதியும் துண்டு கேட்டு மருந்துக் கூடத்துக்குப் போனார்கள். கருப்பம்மாவுக்கு அப்போது மூச்சு வாங்கியது.

"உன்ரை கட்டி மருந்துக்கு அசையாதெண்டு கொழும்பிலேயே சொல்லிப்போட்டினம்" என்றார் கனகசுந்தரம். "பிறகென்னத்துக்குத் துண்டு? என்னைப் பற்றி அங்கை கோள் சொல்லவோ?"

தம்பையா காலில் விழுந்தான். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இரண்டாவது சோதனை நடக்கவில்லை. கருப்பம்மா 1963 பெப்ரவரியில் லயத்தில் இறந்தாள்.