ஒரிஜினல் என்னிடம் இருக்கும்

“அப்ப கடைக் கணக்கு போன்ல திறக்காதா?”

“திறக்காதுண்ணா. கடைக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான்.”

“ஊரே போனுக்குள்ள குடும்பம் நடத்துது. நீ என்னடான்னா பெட்டி முன்னாடி உக்காருங்கிற.”

“நெட் போச்சுன்னா போன்ல என்ன தெரியும்? உன் மூஞ்சிதான் தெரியும். போன வாரம் லாரி வாசல்ல நிக்குது, எத்தனை குழாய் திரும்பி வரணும்னு தெரியாம முழிச்சியாமே.”

அண்ணன் சிரித்தான். கட்டட வேலைக்குச் சாரக் குழாய்களும் இரும்புத் தகடுகளும் வாடகைக்கு விடுகிற கடை எங்களுடையது. எங்களுடையது என்று இப்போது சொல்லக் கூடாது. எது யாரிடம் போனது, எது வளைந்து திரும்பியது என்கிற தகவலெல்லாம் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கிற திரைகள்தான் படுத்துவிட்டன. அண்ணன் பிடித்து வந்த டை கட்டிய ஆள் வண்ணம் வண்ணமாகத் திரைகள் செய்து கொடுத்துவிட்டு, போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். உடனே அண்ணனுக்குத் தங்கச்சி ஞாபகம் வந்துவிட்டது.

அதற்கு முன் இருந்த திரைகள் நான் செய்தவை. அப்பா இறந்த பிறகு ஒருநாள் காலையில், வழக்கம்போல் என் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினேன். ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று வந்தது. மரியாதையாக இருக்கட்டும் என்று யோசித்து யோசித்து அந்த வாசகத்தை எழுதியவளே நான்தான். மறுபடியும் தட்டினேன். சுமை ஏற்றுகிறவர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். “வேற வீட்டுக்குப் போறவளுக்குக் கடை எதுக்கு குட்டி?” என்றான் அண்ணன், பல் குத்திக்கொண்டே. பக்கத்து நாற்காலியில் அண்ணி தலையைத் தூக்கவில்லை.

இன்று, புதுத் திரைகளை எதில் செய்வது என்று என்னைக் கேட்கிறான். பிரவுசரில் ஓடுகிற மாதிரி செய்யலாம். கம்ப்யூட்டர் சென்டரில் படித்துவிட்டு வருகிற யாரும் நாளைக்கு அதைத் திருத்திவிடுவார்கள். மவுஸால் பெட்டிகளை இழுத்து வைத்தாலே திரை ஆகிவிடுகிற வகையும் உண்டு. அதில் வேண்டியதை அண்ணியே சேர்த்துக்கொள்வாள். நான் சொன்னது மூன்றாவதை. கம்ப்யூட்டரிலேயே நிறுவி, பூட்டிக் கொடுத்துவிடுவது. திரையில் ஒரே ஒரு கட்டம் சேர்ப்பதற்கும் பூட்டாத ஒரிஜினல் வேண்டும். அது என் லேப்டாப்பில் இருக்கும். வேகம், நெட் வேண்டாம், மாதக் கட்டணம் கிடையாது. நான் சொன்ன காரணங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதுதான் எனக்கு இனித்தது.

புது அளவில் தகடு வாங்குவான். அதைச் சேர்க்கக் கட்டம் இருக்காது. எனக்குப் போன் செய்வான். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏதோ தூரதேசத்துக் கதையின் பனியில் நடந்துகொண்டிருப்பேன். போன் நடுங்கி நடுங்கி மேசையின் ஓரம்வரை நகரும். கையிலிருக்கும் பக்கத்தை முடித்துவிட்டு எடுப்பேன். எடுக்காமலும் இருப்பேன்.

“ஏதாச்சும் மாத்தணும்னா?”

“ஒரிஜினல் என்கிட்ட இருக்கும். ஒரு போன் போடு, வந்து மாத்தித் தரேன்.”

“அதானே! கூடப் பொறந்தது கூடப் பொறந்ததுதான். பழசையெல்லாம் மனசுல வச்சுக்காத குட்டி.”

“எனக்கு ஏதுண்ணா அவ்வளவு ஞாபகசக்தி? அண்ணியையும் ஒரு வார்த்தை கேளு. தினம் தட்டுறது அவங்கதானே.”

“பட்டன் தட்டுறவளுக்கு எதைக் குடுத்தா என்ன? பியானோவைக் குடுத்தாலும் தட்டுவா.” தன் ஜோக்குக்குத் தானே சிரித்தவன், லாரி ஹாரன் கேட்டு வெளியே போனான்.

அண்ணி நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள்.

“அன்னைக்கு கம்ப்யூட்டர்லேர்ந்து உன் பேரை எடுன்னாரு. எடுத்தது நான்தான். அவருக்கு அதெல்லாம் எங்க தெரியும்?”

இத்தனை நாளும் அந்தக் கை அண்ணனுடையது என்றே வெறுத்துவந்திருக்கிறேன். அண்ணியின் விரல்களைப் பார்த்தேன். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன.

“இப்ப எதுக்குச் சொல்றீங்க?”

“மறைச்சு வச்சுக்கிட்டு உன்கிட்ட ஒண்ணு கேக்க முடியுமா?” எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “இந்த நாற்காலியில வேற ஆளைப் போடப் போறாராம். எனக்கு வேகம் பத்தலையாம்.”

கண்ணாடிக்கு வெளியே, லாரி பக்கம் நின்ற அண்ணனைப் பார்த்தேன்.

“நீ அவருகிட்ட சொன்னதையே போடு. நல்லாப் பூட்டு. ஆனா அந்த ஒரிஜினல்ல ஒண்ணு என்கிட்டயும் இருக்கட்டும். எப்படித் திறக்கிறதுன்னும் சொல்லிக்குடு. அவருக்குத் தெரிய வேண்டாம்.”

வெளியே இரும்பின்மேல் இரும்பு விழுந்துகொண்டிருந்தது. அண்ணி பர்ஸிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்து, ஒற்றை விரலால் என் லேப்டாப் பக்கம் தள்ளினாள்.

“போட்டுத் தருவியா?”